உப்புப் பார்க்காத வடை

பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன் நான். சாவுச் செய்தி எனக்கு வேலையாகத்தான் வந்து சேரும். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், உறவினர்கள் முதலில் அழைக்கும் சிலரில் நானும் ஒருவன். இருக்கும் படத்தில் முகத்தை மட்டும் எடுத்து, பின்னணியை மாற்றி, பெரிதாக்கி, சட்டம் போட்டு, பெட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் கொடுத்தாக வேண்டும். அன்று காலை கடைக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணே, படம் ஒண்ணு அவசரமா போடணும். மத்தியானம் எடுக்கிறோம்." எண் புதிது. வழக்கம்போல் "எந்த சைஸ்?" என்று எழுதி அனுப்பிவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் படம் வந்திருந்தது. தவமணி அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எடுத்ததே நான்தான்.

அனுப்பியவர் அக்காவின் தம்பி. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் பிறகு வரும். நான் அழைத்தபோது, அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். பிறகு தயங்கி, "அண்ணே, கழுத்துல கேமரா தொங்குது பாருங்க, அத எடுத்துட்டு ஒரு சங்கிலி போட்டு விடுங்கண்ணே. வெறுங்கழுத்தா இருக்கவேணாம்" என்றார். இதெல்லாம் எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. பட்டுச்சேலை கட்டாதவருக்குப் பட்டுச்சேலை, நெற்றி காலியாக இருந்தவருக்குப் பொட்டு, எல்லாம் என் கணினியில் இருக்கிறது. அக்கா ஆசையாக மாட்டிக்கொண்டு திரிந்த கேமராவை நானே அழித்து, அவர் வாழ்நாளில் அணியாத ஒரு தங்கச் சங்கிலியை ஏற்றினேன். அந்தப் படத்துக்கு முன்னால்தான், அக்காவின் நினைவாக இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் வந்து பூப்போட்டு வணங்கினீர்கள்.

அக்காவை அறிந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கிள்ளான் நீதிமன்றத்தில்தான் பார்த்திருப்பீர்கள். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நானும் அங்கேதான் பார்த்தேன். என் வேனின் கண்ணாடியை உடைத்துச் சாமான்களைத் திருடிய வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். கூண்டில் நின்ற ஆள் தமிழில் ஏதோ முனகினான். அதை அக்கா நிமிர்ந்து நின்று மலாயில் நீதிபதியிடம் சொன்னார்: "நான்தான் எடுத்தேன். எனக்கு வேலை இல்லை. மன்னிக்க வேண்டும்." அக்காவே திருடியதுபோல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம் கேன்டீனில் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

"அதான் தம்பி முறை. அவன் சொல்றான், இவன் சொல்றான்னு சொல்லக்கூடாது. நான்னுதான் சொல்லணும். ஒரு நாளைக்கு எத்தன பேரு குத்தத்த என் வாயால ஒத்துக்கிறேன் தெரியுமா? வீட்டுக்குப் போனா மொதல்ல வாய் கொப்பளிச்சிட்டுத்தான் தண்ணியே குடிப்பேன்."

சொல்லிவிட்டுக் கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவருடைய சிரிப்பு உங்களுக்குத் தெரியும். ஒளித்துவைக்க எதுவுமே இல்லாதவரின் சிரிப்பு என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா ஒரு பழைய கேமரா வாங்கினார். என் கடையில் கூடும் எங்கள் சின்னக் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். துணிக்கடை சலீம் பாய், பல் டாக்டர் மோகன், நான், அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் இடிக்கப்போகிற கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்போம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு, டெங்கில் பக்கத்தில் ஆளில்லாமல் போன தோட்டத்து லயத்து வரிசை வீடுகள், கிள்ளானில் மூடிப்போன தியேட்டர் என்று போகாத இடமில்லை. அக்காவின் படங்கள் சுமாராகத்தான் இருக்கும், கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆள் இல்லாத எடத்த எடுக்கிறதுதான் தம்பி எனக்கு லேசு. அது என்னத் திருப்பிக் கேள்வி கேக்காது" என்பார். அவரை நாங்கள் விடாமல் கூட்டிப்போனதற்கு உண்மையான காரணம் அவர் கொண்டுவரும் டிபன் கேரியர். அதற்குள் நண்டு இருக்கும், நெத்திலிச் சம்பால் இருக்கும். கேமராவை மறந்துவிட்டு வந்த நாளில்கூட அக்கா கேரியரை மறந்ததில்லை. வேனில் ஏறியதும் சலீம் பாய் அதைத் தொட்டுப் பார்த்து, இன்னும் சூடாக இருக்கிறது என்று அறிவித்த பிறகுதான் வண்டியே நகரும்.

பந்திங்குக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, மூடிப் பல வருடங்களாகிவிட்ட ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகலாம் என்று மோகன்தான் சொன்னார். நம் ஆட்களின் வாயில் அது எப்போதும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். சின்ன வயதில் அடம் பிடித்தால் எங்களை அந்த ஆஸ்பத்திரி லோரியில் ஏற்றிவிடுவதாக மிரட்டுவார்கள். அக்கா இரண்டு நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுதவில்லை. பிறகு, தானும் வருவதாகவும், ஆனால் ஞாயிறு வேண்டாம், வருகிற புதன்கிழமை போகலாம் என்றும் எழுதினார். வேலை நாளில் எப்படி என்று மோகன் முனகினார். "சாப்பாடு நான் கொண்டாறேன் லா" என்று அக்கா எழுதியதும், டாக்டர் அன்றைய பல்வலிக்காரர்களை எல்லாம் வியாழனுக்குத் தள்ளிவிட்டார்.

வாசலில் ஜாகா மட்டும் இருந்தார். காவலுக்கு என்று யாரோ உட்கார்த்தி வைத்துவிட்டு மறந்துபோன வயதான மனிதர். "பேய் இருக்கா அங்கிள்?" என்று மோகன் கேட்க, "நாய்தான் இருக்கு, பாத்துப் போங்க" என்றார். உள்ளே வரிசை வரிசையாக நீண்ட வார்டுகள். ஓடுகள் சரிந்து தரையில் பப்பாளி முளைத்திருந்தது. துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள் சுவரோடு சுவராகத் தள்ளிக் கிடந்தன. மோகனுக்குத் தலைகால் புரியவில்லை. சலீம் பாயைக் கட்டில் ஒன்றில் உட்காரவைத்து, தலையைக் கலைத்து, நாக்கைத் துருத்தச் சொல்லி, கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினார். நான் பக்கத்தில் நின்று வெளிச்சத்துக்காக வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், கட்டில்ல இருந்து எறங்குங்க. துரு கிழிச்சிடும், ஊசி போடணும்" என்றார். கேரியரை எடுத்துக்கொண்டு பெண்கள் வார்டு இருந்த பக்கமாக நடந்தார். பெண்கள் வார்டு எது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பசியோடு அந்தப் பக்கம் போனோம். வராந்தாவில் ஓர் இடம் பெருக்கப்பட்டு, தலைவாழை இலை விரித்திருந்தது. கேரியர் தட்டுகள் திறந்து இருந்தன. அக்காவைக் காணோம். எங்களுக்காகத்தான் பரிமாறி வைத்திருக்கிறார் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் உட்கார்ந்தோம். உளுந்து வடை, சர்க்கரைப் பொங்கல், வாழைக்காய்ப் பொரியல். "என்ன இன்னிக்கு சைவமா போச்சு?" என்று பாய் குறைப்பட்டுக்கொண்டே முதல் வடையை எடுத்தார். ஒரே இலையில் மூன்று பேரும் கை வைத்தோம். அக்கா ஒரு போத்தலில் தண்ணீரோடு வந்தார். எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். நான் வாய் நிறைய மென்றுகொண்டு, "என்னக்கா, வடையில உப்பே இல்ல?" என்றேன்.

"உப்பு பாக்கல தம்பி" என்றார் அக்கா.

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் படையல் போடுகிறோம். படைக்கிற சோற்றை முதலில் செத்தவர்தான் தொட வேண்டும், ஆக்குகிறவர் வாயில் வைத்து உப்புப் பார்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். என் மனைவி ஒவ்வொரு வருடமும் என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆக்குகிறாள். பெருக்கிய தரை, தலைவாழை இலை, உப்புப் பார்க்காத வடை, அதற்குப் பின்னும் நான் இன்னொரு வடைக்குக் கை நீட்டினேன். அக்கா உட்கார்ந்து மீதிப் பொங்கலை எங்களுக்குப் பரிமாறினார். "சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க" என்றார். பிறகு எழுந்து தள்ளிப் போய் நின்று கேமராவைக் கையில் எடுத்தார்.

அடுத்த வாரம் அந்தப் படத்தோடு கடைக்கு வந்தார். மூன்று ஆண்கள் ஒரு பாழடைந்த வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். வழக்கம்போலச் சாய்ந்திருந்தது. இதைப் பெரிதாக்கி நல்ல சட்டமாகப் போட்டுத் தரச் சொன்னார். "வேற நல்ல படம் இல்லையாக்கா?" என்றேன். "இதுதான் வேணும். அந்த எடத்துல நீங்களாச்சும் ஒக்காந்து வயிறாரச் சாப்பிட்டீங்க" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியாபாரம் பேசுகிற குரலில், தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

தம்பி பிறந்த சில நாட்களில் அம்மாவுக்கு மனம் பிசகிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்றார், சுவரோடு பேசினார், ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் நடந்துவிட்டார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகள். கோயில் பார்த்தார், மந்திரித்தார், கடைசியில் அந்த மருத்துவமனையில் சேர்த்தார். அக்கம்பக்கத்துக்கு, ஊரில் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். ஊர் என்றால் தமிழ்நாடு. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவும், ஒருநாள், ஊரிலேயே இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததென்று சொல்லிவிட்டார். சொன்னால் அதோடு முடியுமா? சனம் கூடிவிட்டது. அப்பா பதினாறாம் நாள் கருமாதி செய்தார். கல்யாணப் படத்தில் இருந்து அம்மாவை மட்டும் தனியே எடுத்து, சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டுச் சுவரில் மாட்டினார். அக்கா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அழுது அழுது காய்ச்சல் கண்டுவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், அடுத்த ஞாயிறு அப்பா அவரை பஸ்ஸில் பந்திங் பக்கம் கூட்டிப்போனார். வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வெளியில அம்மா செத்துட்டாங்க. இங்க இருக்காங்க. ரெண்டையும் மாத்திப் பேசிடாத." அப்பா அவரிடம் சொன்னது இவ்வளவுதான். அக்கா மாற்றிப் பேசவே இல்லை.

வருடா வருடம் வீட்டில் அம்மாவுக்குப் படையல் நடக்கும். அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிட்டுப் போவார்கள். மிஞ்சிய வடையையும் பொங்கலையும் தூக்குவாளியில் போட்டு, அப்பாவும் மகளும் அம்மாவைப் பார்க்கப் போவார்கள். இதைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "அவங்க சந்தோஷமா வாங்கித் தின்னுட்டு, இன்னிக்கு என்னடி விசேஷம்னு கேப்பாங்க தம்பி. நான் என்னன்னு சொல்லுவேன்? வடையில உப்பு பத்தலன்னு வேற சொல்லுவாங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. கடையில் எல்லாப் பக்கமும் செத்தவர்களின் படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அக்கா அந்தக் கல்யாணப் படத்தைப் பற்றியும் சொன்னார். வீட்டுச் சுவரில் இருந்த அம்மாவுக்கு வயதே ஆகவில்லை, அங்கே இருந்த அம்மாவுக்குத் தலை நரைத்துக்கொண்டே வந்தது என்றார்.

உண்மையில் நெஞ்சை அறுப்பது இனிமேல்தான். சில வருடங்களில் மருந்து பிடித்து அம்மா நன்றாகிவிட்டார். வார்டில் பூ கட்டினார், துணி மடித்தார், மகளுக்குத் தலை பின்னிவிட்டார். மருத்துவமனைக்காரர்களே அப்பாவைக் கூப்பிட்டு, இவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். கருமாதி செய்த பெண்ணை எந்த முகத்தோடு பஸ்ஸில் ஏற்றி அந்தக் குடியிருப்புக்குக் கூட்டி வருவது? "அடுத்த வாட்டி வரும்போது" என்று அம்மாவிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னார். அப்பா இறந்த பிறகு அக்கா அதையே சொன்னார்.

"அப்பா பயந்தாரு தம்பி, அவரு படிக்காதவரு. நான் கவர்மெண்டு வேலையில இருந்தேன். கோர்ட்டுல நின்னு நியாயம் பேசினேன். என் தம்பிக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் கூட்டியாறலாம்னு இருந்தேன். முடிஞ்சிச்சு. அவனுக்குப் புள்ள பொறக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அவங்க நெசமாவே போயிட்டாங்க." அவர் இறந்த திதிதான் நாங்கள் போன அந்தப் புதன்கிழமை. அம்மா இறந்த அன்றைக்குத்தான் தம்பியிடம் உண்மையைச் சொன்னார். தம்பி அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு அம்மா ஒரு தடவதான் செத்தாங்க" என்று எழுந்து போய்விட்டார். செய்த கருமாதியை மறுபடி செய்ய முடியாது என்று சொந்தத்திலும் கைவிட்டார்கள். நிஜமாகச் செத்தபோது அந்த அம்மாவுக்கு ஒரு பிடி சோறு படைக்க ஆளில்லை. எத்தனையோ வருடங்கள் கழித்து அக்கா துணிந்து கொண்டுபோய்ப் படைத்ததையும் நாங்கள் தின்றோம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க லா. அவங்க படையல அவங்களே தின்னாங்க. அதுக்கு நீங்க தின்னது எவ்வளவோ தேவல" என்று சிரித்தார். பிறகு, "தம்பி, உங்க வீட்டுல ஊருக்குப் போனவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் "இல்லக்கா" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல் வந்த பதில் அது. என் சித்தப்பா ஒருவர் இளம் வயதிலேயே ஊருக்குப் போய்விட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், பிறகு என்ன ஆனார் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கிளம்பும்போது அக்கா ஒன்று சொன்னார். "நான் இருக்கிறவரைக்கும் என் தம்பி தலகுனிஞ்சு நிக்கக்கூடாது, அதனால பேசாம இருக்கேன். நான் போனதுக்கு அப்புறம் நீங்க சொல்லிடுங்க. கூட்டிக் கொறச்சு சொல்லாதீங்க. பேசுறது நான்தான், நீங்க சத்தம் மட்டும் குடுங்க." விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் விளையாட்டாகத்தான் தலையாட்டினேன்.

தகனம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய தம்பி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார். அக்கா மாட்டி வைத்திருந்த அந்தச் சாப்பாட்டுப் படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்தார். "அண்ணே, அக்கா உங்ககிட்ட என்னென்னமோ சொல்லியிருக்கும். பத்திரிகைக்கு எழுதுறவங்க நீங்க, எழுதிடாதீங்க. என் மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். ரத்தத்துல இருக்குன்னு சொல்லிடுவாங்கண்ணே." மொட்டையடித்த தலையோடு நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதும் எனக்குள் ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அக்காவைப் பற்றி எழுதும்படி நீங்கள் கேட்டபோது ஒரு பக்கம் எழுதினேன். அன்பே உருவானவர், சிரித்த முகம், கடமை தவறாதவர், கைப்பக்குவம். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு. யாரு செத்தாலும் இதையே குடுக்கலாம்" என்றாள். கழுத்தில் நான் ஏற்றிய சங்கிலி மாதிரிதான் இருந்தது அந்தப் பக்கம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிள்ளானில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். காலை அமுக்கிவிட்டபடி, "சித்தப்பா எந்த ஊருக்குப் போனாரு அத்த?" என்று கேட்டேன்.

அத்தை காலை இழுத்துக்கொண்டார். நாடகத்தின் சத்தத்தைக் குறைத்தார். "யாருடா ஒனக்குச் சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்றேன். அத்தை சுவரைப் பார்த்தார். அங்கே என் அப்பாவின் படம் இருந்தது, என் கடையில் நானே சட்டம் போட்டது. "அவன் நல்லாத்தான்டா ஆயிட்டான்" என்றார் அத்தை. "வந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஆள் மேல ஆள் விட்டாங்க. ஒங்கப்பாதான், வயசுப் புள்ளைங்க இருக்கிற வீடு, வேணாம்னுட்டாரு. அந்தப் புள்ளைங்கன்னா நீங்கதான்." நான் வளர்ந்த வீட்டின் கௌரவத்துக்கு யார் விலை கொடுத்தார் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன். அத்தை சத்தத்தை மறுபடியும் கூட்டினார், நான் ரிமோட்டை வாங்கிக் குறைத்தேன். மீதியையும் அன்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் தம்பியை அழைத்தேன். எழுதப்போகிறேன் என்று சொல்லத்தான் அழைத்தேன், ஆனால் வாயில் வந்தது சித்தப்பாவின் கதை. எங்கள் வீட்டிலும் ஒருவரை அங்கே விட்டுவிட்டோம் தம்பி, எங்களுக்காகத்தான் விட்டிருக்கிறார்கள் என்றேன். "அவரு பேரு என்னண்ணே?" என்றார். கோவிந்தசாமி என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா பேரு அஞ்சல" என்றார் அவர். "அத எழுதிக்குங்க. எம் பேரு மட்டும் வேணாம்ணே, இப்போதைக்கு."

எழுதிவிட்டேன். தவமணி அக்காவின் அம்மா அஞ்சலை, என் சித்தப்பா கோவிந்தசாமி. இரண்டு பேரும் நன்றாகிவிட்டார்கள். கூட்டிவரத்தான் யாரும் போகவில்லை. அக்காவின் கேமராவைத் தம்பி மகள் வைத்துக்கொண்டாள், சிரிப்பு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. என் பங்குக்கு அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் தனியாகச் சுமந்த வெட்கத்தைத்தான்.